சீனி மோட்டார் வைண்டிங்கில் பால் பொங்கிய பதினோரு நாள்

மோட்டார் கடை திறப்புக்கு யாராவது பால் காய்ச்சுவார்களா என்று சீனியம்மாள் கேட்டது வாஸ்தவம்தான். ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்டாள். ஆனால் அவள் புருஷனின் அக்கா குருவம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். "ஆம்பள தொறக்குற கடைக்குச் சூடத்தக் காட்டி, பூசணிக்காயப் போட்டு ஒடச்சாப் போதும் சீனி. நீ பொம்பள. ஒனக்கு இனிமே இந்தக் கடைதான் வீடு. பால் காய்ச்சாம யாராச்சும் வீட்டுக்குக் குடி போவாங்களா?" என்றாள். உப்போடைப்பட்டிக் கடைவீதிப் பெண்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒரு பொம்பளை மோட்டார் கடை வைப்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த ஆண்களுக்கும், பால் என்றதும் அட, இது நமக்குத் தெரிந்த சமாச்சாரந்தானே என்று ஒரு நிம்மதி வந்தது. சீனியம்மாள் சரி என்றாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷம் கனகவேல் எலக்ட்ரிக்கல்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து, கருகி வந்த கிணற்று மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்டியவள். எரிந்துபோன பழைய கம்பியை உளி வைத்து வெட்டி எடுப்பதும், மோட்டாரின் உள்ளிரும்பில் இருக்கிற பள்ளங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காகிதம் செருகுவதும், புதுச் செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி ஒவ்வொரு பள்ளமாக இறக்குவதும், நூல் போட்டு இறுக்கி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பதும் அவள் வேலை. அதை முன்கடையில் வைத்துத் துணியால் ஒரு துடை துடைத்து, "நம்ம கை பட்டா பத்து வருசத்துக்கு அசையாது" என்று வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகளிடம் கொடுப்பது முதலாளி கனகவேலின் வேலை. சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறைத்த தண்ணீரெல்லாம் அவள் விரலுக்குத் தெரிந்துதான் மேலே வந்தது, ஆனால் ஊர் அதைக் கனகவேல் கை என்றே சொன்னது. அது அவளுக்கு வலித்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஒரே ஒரு மோட்டாராவது தன் பெயர் போட்ட பலகைக்குக் கீழேயிருந்து புறப்பட்டுப் போய்த் தண்ணீர் இறைக்க வேண்டும் என்றுதான் வேலையை விட்டாள், கடை பிடித்தாள், நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'சீனி மோட்டார் வைண்டிங்' என்று எழுதி மாட்டினாள்.

பங்குனி மாசத்து ஒரு புதன்கிழமை காலை, புதுப் பித்தளைப் பானையில் ஒன்றரை லிட்டர் பாலை ஊற்றிக் குருவம்மாள் சின்னக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்த நேரம், வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச்சாமி இறங்கினார். ஓடைக்கு அந்தாண்டை ஒன்றரைக் குறுக்கம் நிலத்தில் மிளகாய் போட்டிருக்கிற சம்சாரி, பெண்டாட்டி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகத் தனிக்கட்டை, பேச்சு வேண்டுமட்டும்தான் பேசுவார். ஆட்டோக்காரனும் அவருமாக எரிந்துபோன அஞ்சு எச்.பி. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து கடைக்குள் சாக்கு விரித்து இறக்கினார்கள்.

"போன தடவ இதைக் கட்டுனது நீதான் தாயி. கனகவேலு கடையில பின்னால எட்டிப் பாத்தேன். மொத வேலை என்னோடதா இருக்கட்டும்னு கொண்டாந்தேன். மிளகா பூவெடுத்து நிக்குது. சனிக்கெழமைக்குள்ள தண்ணி காட்டணும்" என்றார்.

சீனியம்மாள் குனிந்து மோட்டாரின் மூடியைத் துடைத்தாள். பதினெட்டு வருஷத்தில் ஒருவராவது எட்டிப் பார்த்திருக்கிறாரே. "நாளான்னைக்குச் சாயங்காலம் ஒங்க கெணத்துல ஓடும்ணே" என்று வாக்குக் கொடுத்தாள்.

பால் பொங்கியது. கிழக்கே பொங்கியது, அதைவிட நல்ல சகுனம் ஏது? பெண்கள் குலவை போட்டார்கள், பூசாரி மணி அடித்தார். பொங்கின பால் தானாக அடங்க வேண்டும், அடங்கினபின் இறக்க வேண்டும், சாமிக்கு வைத்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தபிறகுதான் முதல் வேலையில் கை வைக்க வேண்டும், அது முறை. எல்லாரும் டம்ளரை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பால் கிழக்கே பொங்கி வடக்கே பொங்கி மேற்கே பொங்கித் தெற்கேயும் பொங்கி, பானையின் கழுத்தில் கட்டிய மஞ்சள் கிழங்கை நனைத்து, அடுப்பை நனைத்து, தரையில் இறங்கி வாசற்படி தாண்டியது. ஒன்றரை லிட்டர் எப்போதோ வெளியே வந்தாயிற்று, பானைக்குள் எட்டிப் பார்த்தால் ஊற்றின மட்டத்துக்கு அப்படியே நின்றது, பொங்குவதோ நிற்கவில்லை. "மகராசி, ஒனக்குக் கொட்டிக் கெடக்கு போ!" என்று குருவம்மாள் சீனியம்மாளுக்குத் திருஷ்டி கழித்தாள். மத்தியானம்வரை காத்திருந்தவர்கள், வழிகிறதை டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, நல்ல பால், கெட்டியான பால் என்று சொல்லி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

மறுநாளும் பொங்கியது. மூன்றாம் நாள் சிலிண்டர் தீர்ந்து தீ அணைந்தது, பால் அதைக் கண்டுகொள்ளாமல் பொங்கியது. அதன்பிறகுதான் ஊருக்கு இது சாதாரணப் பொங்கல் இல்லை என்று உறைத்தது. உறைத்ததும் செய்ய வேண்டிய காரியங்களை ஆளாளுக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். பால் சாக்கடையில் விழுந்தால் பாவம் என்று பஞ்சாயத்தில் ஆள் விட்டு வீதியோரம் சின்ன வாய்க்கால் வெட்டி, வறண்டு கிடந்த ஊருணிக்குத் திருப்பினார்கள். கைப்பிள்ளைக்காரிகள் தூக்குவாளியோடு விடியக்காலையில் வந்தார்கள், பூசாரி அபிஷேகத்துக்குக் குடத்தில் பிடித்துக்கொண்டு போனார், டீக்கடைக்காரர் பால் வாங்குவதை நிறுத்திவிட்டு டீயைக் கெட்டியாகப் போட்டார், பால் சொசைட்டிக்காரர் வந்து இது சட்டப்படி சரியா என்று அரை மணி நேரம் சத்தம் போட்டுவிட்டுப் போகும்போது ரெண்டு கேன் பிடித்துக்கொண்டு போனார், வீதிப் பூனைகள் மீன்காரியைத் திரும்பிப் பார்ப்பதை விட்டன, எறும்புகள் மூன்று தெருவிலிருந்து மூன்று வரிசையாக வந்து ஒருவரையும் கடிக்காமல் ஒதுங்கிப் போயின. லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்த சீனியம்மாளின் புருஷன் தவசி போனில் கேட்டான், "இன்னமும் பொங்குதா?" "பொங்குது." "சரி, பொங்கட்டும், நீ எதையும் நோண்டாத" என்று வைத்துவிட்டான்.

அப்புறம் வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எதையாவது தொடங்குகிறவர்கள் எல்லாரும் அந்தப் பானைக்கு முன்னால் வந்து தொடங்கினார்கள். கல்யாணப் பத்திரிகையின் முதல் காப்பியை வைத்தார்கள், புது பைக்குகளை வாசலில் நிறுத்தி எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றினார்கள், பிள்ளைகளை மடியில் வைத்து நெல்லில் எழுதவைத்தார்கள், வெளிநாட்டுக்கு விசா எழுதிப் போடுகிறவர்கள் பேனாவை நனைத்துக்கொண்டு போனார்கள், பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர் அங்கே வந்து, "சரி, இனிமே பேசுவோம்" என்று பேச ஆரம்பித்தார்கள். ஊரில் எல்லாருக்கும் எல்லாம் ஆரம்பமாயிற்று. சீனியம்மாளின் வேலை மேஜைமேல் சாமி படங்கள் ஏறின, மேஜையில் முடுக்கியிருந்த இரும்புப் பிடிவைஸுக்குச் சந்தனம் வைத்துப் பூச் சுற்றினார்கள், வெயிலுக்குப் போட்ட பந்தலில் 'பால் பொங்கும் அம்மன் கடை' என்று துணி கட்டியதில் அவள் நீலப் பலகை பின்னால் போய்விட்டது. அம்மன் எங்கிருந்து வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பின்னே, இவ்வளவு பாலும் சும்மாவா வரும்?

சீனியம்மாள் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்தவர்கள் காலில் விழும்போது எழுந்து எழுந்து நின்றாள். ஆவி சுவரெல்லாம் ஏறி வேர்த்தது. காயில் கட்டுகிற கடைக்கு ஈரம்தான் எமன். கம்பிச் சுருள்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, அதைச் சாக்கில் சுற்றி, அதைத் தன் சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். வெள்ளைச்சாமியின் மோட்டார் கதவோரம் சாக்கின்மேல் கிடந்தது. அதன்மேலும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமையே அவள் உளியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்காரத்தான் செய்தாள். குருவம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "ஏ சீனி, பால் அடங்கல. அடங்குறதுக்கு முன்ன எரிஞ்சதையும் கருகினதையும் கையில எடுப்பியா? ஒன் ஒருத்திக்கு மட்டுமா பொங்குது? ஊருக்கே பொங்குது." சீனியம்மாள் உளியைக் கீழே வைத்தாள். பயந்துதான் வைத்தாள், மதினிக்குப் பயந்து இல்லை, அவளுமே அந்தப் பானையை நம்பினாள். தனக்கு இவ்வளவு நல்லது நடக்கிறது என்பதை அவளால் நம்பாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு காலம் அவளுக்கு ஒன்றுமே நடந்ததில்லை.

ஏழாம் நாள் கனகவேல் வந்தார், பட்டு வேட்டியில். பக்கத்து டவுனில் இன்னொரு கடை போடப் போகிறாராம், சாவியைப் பானைக்கு முன்னால் வைத்து எடுக்க வந்திருந்தார். "சீனி, ஒனக்கு அடிச்சது பாரு அதிஷ்டம். இனி எதுக்கு இந்தக் கம்பியும் உளியும்? ராணி மாதிரி உக்காரு" என்றார்.

"நான் காயில் கட்டத்தான் மொதலாளி கடை தொறந்தேன்."

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல" என்று கனகவேல் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளைச்சாமியும் வந்துகொண்டுதான் இருந்தார். சனிக்கிழமை வந்தார், திங்கட்கிழமை வந்தார், அதன்பிறகு தினமும் வந்தார். கும்பலுக்குப் பின்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார், பாலைப் பார்ப்பார், மோட்டாரைப் பார்ப்பார், அவளைப் பார்க்காமல் போய்விடுவார். சீனியம்மாளும் அவர் கண்ணில் படாமல் யாருக்காவது டம்ளர் எடுத்துக் கொடுப்பது போல் குனிந்துகொள்வாள். நாளைக்கு அடங்கிவிடும் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். நல்லது ஒன்று நடக்கும்போது நடுவில் எழுந்து வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

பதினோராம் நாள் காலையில் கும்பல் குறைச்சல். அவர் வாசற்படிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார், அவளுக்குக் குனிய இடமில்லை.

"அண்ணே, மிளகா எப்பிடி இருக்கு?"

"இருக்கு தாயி."

"எப்பிடிண்ணே இருக்கு?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பூவெல்லாம் கொட்டிருச்சு. எல தொங்கிப் போச்சு. ஒரு அஞ்சாறு நாள் கொடத்துல மோந்து ஊத்திப் பாத்தேன், ஒன்றரைக் குறுக்கத்துக்கு எத்தன கொடம் ஊத்த? பக்கத்துத் தோட்டத்துக் கெணறும் அடி காஞ்சு கெடக்கு."

"எடுத்துட்டுப் போயி மொதலாளி கடையில குடுத்திருக்கலாம்ல? நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேனே!"

"அது எப்பிடி?" வெள்ளைச்சாமிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "மொத வேலைன்னு ஒன் கடையில எறக்கி வச்சது. பால் பொங்கிக்கிட்டு இருக்கையில நான் வந்து தூக்கிட்டுப் போனா ஒனக்கு ஆகுமா? தொறந்த கடையில மொதப் பொருளே திரும்பிப் போச்சுன்னா அப்பறம் அந்தக் கடை எந்திரிக்குமா? என் வெள்ளாமை போனா அடுத்த பட்டம் இருக்கு. ஒனக்கு இந்த ஒரு நேரந்தான."

அவர் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நல்லவன் என்று பேர் வாங்கச் சொல்லவில்லை, வரப்பு வெட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மாள்கூட, "பாலை வேணும்னா வயலுக்குத் திருப்பி விடலாம்ல?" என்று கேட்டாள். வெள்ளைச்சாமி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார், "சாமி பால மம்பட்டியில வெட்டி விடவா?" என்றார். சீனியம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். தன்னுடைய நல்ல நேரத்துக்கு ஒரு மனுஷன் பதினோரு நாளாகத் தன் தோட்டத்தைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான், அவள் டம்ளர் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. இந்தப் பதினெட்டு வருஷத்தில் கனகவேல் கை, கனகவேல் கை என்று கேட்டபோதெல்லாம்கூட அவளுக்கு இப்படி அவமானமாக இருந்ததில்லை.

அவள் எழுந்து பானைக்கு நேராகப் போனாள். பார்த்த மாத்திரத்தில் குருவம்மாளுக்குப் புரிந்துவிட்டது, குறுக்கே வந்து விழுந்தாள். "வேணாம்டி சீனி! பொங்குறதை எறக்கக் கூடாது! குடியக் கெடுத்துராத!"

"ஒரு குடி ஏற்கெனவே கெட்டுக்கிட்டு நிக்குது மதினி. அந்தா வாசல்ல நிக்குது பாருங்க."

முந்தானையை மடித்துப் பிடித்துப் பானையை இறக்கினாள். அவ்வளவுதான். பதினோரு நாளாக ஊரில் ஒருவரும் செய்யாத காரியம் அவ்வளவுதான் இருந்தது. பால் பானைக்குள் ஒருதடவை தளும்பி மட்டமாக நின்றது, சரியாக ஒன்றரை லிட்டர், மேலே மெல்லிசாக ஆடை கட்ட ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர் பேர் சொல்லிக் கூவுவது இத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டது. யாரோ ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். புது பைக்கோடு வந்தவன் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "தரித்திரம் புடிச்சவ, வந்த சீதேவிய எறக்கி வச்சுட்டாளே" என்று ஒரு குரல் கேட்டது. அது யார் குரல் என்று சீனியம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மதினி, எல்லாருக்கும் ஊத்திக் குடுங்க" என்றாள்.

குருவம்மாள் கண்ணீர் சொட்டச் சொட்ட ஊற்றிக் கொடுத்தாள். திட்டிக்கொண்டிருந்தவர்களும் கொடுத்ததை வாங்கிக் குடித்தார்கள்; பால் காய்ச்சின வீட்டில் வேண்டாம் என்று சொல்லக் கூடாதே. குடித்துவிட்டு வீதியில் நின்று திரும்பவும் திட்டினார்கள்.

அவள் மேஜைமேல் இருந்த சாமி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கும்பிட்டுச் சுவரோரம் சாய்த்தாள். உள்ளே ஈரம் என்பதால் வெள்ளைச்சாமியும் அவளுமாக மேஜையைப் பட்டப்பகல் வெயிலில் வீதிக்கு இழுத்துப் போட்டு, மோட்டாரைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். கழற்றி, உளியை வைத்து முதல் அடி அடித்தாள். எரிந்த கம்பியின் கருகல் நாற்றம், பால் வாசனை ஊறிப்போன அந்த வீதியில் குப்பென்று எழுந்தது. நல்ல காரியத்துக்கு நின்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை வெட்டி எடுத்தாள், துடைத்தாள், காகிதம் செருகினாள். மறுநாள் விடிந்ததும் பரண்மேல் வைத்திருந்த சேலைச் சுற்றைப் பிரித்துக் கம்பியை எடுத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றினாள். வீதியில் போகிறவர்கள் நின்று, ஒரு பொம்பளை பள்ளம் பள்ளமாகக் கம்பியை இறக்குவதை முதல்தடவையாக முன்பக்கத்திலிருந்து பார்த்தார்கள். கடைக்குச் சீதேவி போச்சா இருக்கா என்று டீக்கடையில் இரண்டு கட்சியாகச் சண்டை நடந்தது, டீ பழையபடி தண்ணியாகிவிட்டது. பங்குனி வெயில் வார்னிஷை ஒரே நாளில் கல் மாதிரி காயவைத்தது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அதே லோடு ஆட்டோவில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் மாட்டினார்கள். சீனியம்மாள் முதலில் தோட்டத்தைப் பார்க்கவில்லை. போல்ட்டை முடுக்கும்போதும் ஒயர் கொடுக்கும்போதும் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது பார்த்துத்தான் ஆக வேண்டியிருந்தது. பன்னிரண்டு பாத்தியில் வேப்பமர நிழலுக்குக் கீழே இருந்த இரண்டு பாத்தி மட்டும் வாடிக்கொண்டு பச்சையாக நின்றது. மிச்சம் பத்தும் நின்ற வாக்கிலேயே காய்ந்திருந்தது, காற்றுக்குச் சலசலவென்று சத்தம் போட்டது.

"போடு தாயி" என்றார் வெள்ளைச்சாமி.

"நீங்க போடுங்கண்ணே. ஒங்க மோட்டார்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒரு முனகல்கூட இல்லாமல் எடுத்தது. குழாய் இரண்டு தடவை இருமியது, துருத் தண்ணீர் கக்கியது, பிறகு கட்டை மாதிரி ஒரே சீராகத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. வெள்ளைச்சாமி மண்வெட்டியோடு ஓடினார். பச்சையாக நின்ற முதல் பாத்தியைத் திறந்துவிட்டார், அது நிறைந்ததும் இரண்டாவதைத் திறந்துவிட்டார். இரண்டும் நிறைந்தது. சுவிட்சை அணைக்கலாம் என்று சீனியம்மாள் கையை நீட்டினாள். அவர் வாய்க்காலை மறிக்காமல் மூன்றாவது பாத்திக்குப் போய் வரப்பை வெட்டினார். காய்ந்த செடிகளின் காலடியில் தண்ணீர் ஓடியது. அதுவும் நிறைந்ததும் நாலாவதுக்குப் போனார்.

"அண்ணே, அதெல்லாம் பட்டுப்போச்சுண்ணே" என்று அவள் கத்தினாள்.

"தெரியும் தாயி."

"அப்பறம் ஏன்ணே ஊத்துறீங்க?"

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே அடுத்த வரப்பில் மண்வெட்டியைப் போட்டார். "அதுகளும் தண்ணி வரும் வரும்னுதான இத்தன நாளாக் காத்துக் கெடந்துச்சுக."

சீனியம்மாளின் முதுகுக்குப் பின்னால் அவள் கட்டிய மோட்டார் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, பதினெட்டு வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட சத்தம், அது அவள் காதில் விழவே இல்லை. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். மண்வெட்டி ஒன்றுதான் இருந்தது. அழுதுகொண்டே, கையால் மண்ணை அள்ளி அடுத்த பாத்தியைத் திறந்துவிட்டாள்.